பிரீமியம் கட்டியாயிற்று, இழப்பீட்டைக் காலத்தில் தாருங்கள்

செம்மண்டலம், கடலூர், சிதம்பரம் வட்டார மக்களின் கோரிக்கைச் சாசனம்

2004 ஆழிப்பேரலை, 2008 நிஷா, 2011 தானே, 2015 பெருவெள்ளம், 2020 நிவர், அதன் பின்னாலேயே புரெவி, 2021 தென்பெண்ணை வெள்ளம், 2024 ஃபெஞ்சல். இருபது ஆண்டுகளில் எங்கள் மாவட்டம் தாங்கியவை இவை. தென்பெண்ணையும் கெடிலமும் பரவனாறும் வெள்ளாறும் கொள்ளிடமும் கொண்டுவரும் தண்ணீர் எங்கள் ஊர்களைக் கடந்துதான் கடல் சேர்கிறது. புயல்கள் பலவும் எங்கள் கரையிலோ அதன் அருகிலோதான் உள்ளே போகின்றன. இது தெரிந்துதான் வீட்டுக்கும் கடைக்கும் வண்டிக்கும் பயிருக்கும் காப்பீடு செய்கிறோம்.

ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைத் தொட்டு, நகராமல் நின்று கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை கரை மீறி நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு, தாழங்குடா, குண்டு உப்பலவாடி, பெரியகங்கணாங்குப்பம் பகுதிகளுக்குள் புகுந்தது. அரசு குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. சேறு ஏறிய குளிர்சாதனப் பெட்டியையும் ஊறிப்போன கட்டிலையும் கடைச் சரக்கையும் அந்தத் தொகையால் மீட்க முடியாது. அதற்காகத்தான் காப்பீடு. பிரீமியம் வாங்கிக்கொண்டு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி எங்களுக்கு வர வேண்டிய தொகை அது.

பெரும்பாலான விதிகள் ஏற்கெனவே எங்கள் பக்கம் இருக்கின்றன. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கெடுவும் குறித்திருக்கிறது. அவை எங்கள் தெருவுக்கு வந்துசேர ஏன் இத்தனை தாமதம் என்பதே எங்கள் கேள்வி. ஐஆர்டிஏஐ, பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள், வங்கிகள், மாவட்ட ஆட்சியர், தமிழ்நாடு அரசு, ஒன்றிய அரசு ஆகியோர் முன் பன்னிரண்டு கோரிக்கைகளை வைக்கிறோம்.

1. சர்வேயர் 24 மணி நேரத்தில் வர வேண்டும்

கிளெய்ம் பதிவான 24 மணி நேரத்துக்குள் சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அவர் அறிக்கை வர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்று ஐஆர்டிஏஐ 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கை சொல்கிறது. பேரிடர் நாளில் ஒரே சர்வேயர் கையில் பல ஊர்களின் கோப்புகள் குவிந்தால் இந்தக் கெடு காகிதத்திலேயே நின்றுவிடும். ஆகவே கடலூர் மாவட்டத்துக்கென்று தனிச் சர்வேயர் குழுவை ஒவ்வொரு நிறுவனமும் பருவமழைக்கு முன்பே அமர்த்த வேண்டும். அவர்களின் பெயரும் அலுவலகத் தொலைபேசி எண்ணும் செப்டம்பர் 30-க்குள் கடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஒட்டப்பட வேண்டும். வெள்ளம் வந்த பிறகு ஆள் தேடினால் முதல் வாரம் அதிலேயே போய்விடும்.

2. கைப்பேசிப் படமே சாட்சியாகட்டும், வீட்டைக் கழுவ விடுங்கள்

"சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் நகர்த்தாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். தரையில் கணுக்கால் அளவு சேறு, அதில் செத்த மீனும் சாக்கடையும், மெத்தையில் புழு. குழந்தையும் முதியவரும் இருக்கும் வீட்டை இப்படியே எத்தனை நாள் போட்டுவைப்பது? சுவரில் தண்ணீர் நின்ற கோடு, சேதமான பொருள், அதன் மாடல் எண் ஆகியவை தெரியும்படி எடுத்த படத்தையும் வீடியோவையும் எல்லா நிறுவனங்களும் சான்றாக ஏற்க வேண்டும். வாகனம் தவிர்த்த சொத்துக்களில் 1 லட்சம் ரூபாய்க்குக் குறைவான இழப்புக்கு உரிமம் பெற்ற சர்வேயர் கட்டாயமே இல்லை. அத்தகைய கிளெய்ம்களைப் படத்தைப் பார்த்தே 7 நாளில் முடிக்க வேண்டும். படம் அனுப்பிய மறுநாளே வீட்டைக் கழுவலாம் என்ற அனுமதி குறுஞ்செய்தியாக வர வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளும் நோயைக் கூட்டுகிறது.

3. ஆட்சியரின் அறிவிப்பு ஒன்றே போதுமான சான்று

ஊரே மூழ்கியதை உலகம் தொலைக்காட்சியில் பார்த்த பிறகும், மழை பெய்ததற்கு வானிலைச் சான்று, வெள்ளம் வந்ததற்கு விஏஓ சான்று, நாளிதழ் நறுக்கு என்று பாதிக்கப்பட்டவரையே அலையவிடுகிறார்கள். எந்த வருவாய்க் கிராமங்களிலும் நகர வார்டுகளிலும் எந்த நாளில் வெள்ளமோ புயலோ தாக்கியது என்ற பட்டியலை மாவட்ட ஆட்சியர் 72 மணி நேரத்துக்குள் வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலில் உள்ள ஊரில் வேறு சான்று கேட்கக் கூடாது. அணை திறப்பால் வந்த தண்ணீரும் வெள்ளமே என்பதை நிறுவனங்கள் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். தென்பெண்ணைக் கரையில் இருப்பவருக்கு மழைநீர் எது, சாத்தனூர் நீர் எது என்று பிரித்துக் காட்டும் கடமை கிடையாது.

4. தண்ணீரில் போன காகிதத்தை எங்களிடம் கேட்காதீர்கள்

ஆவணம் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்பது 2024 சுற்றறிக்கையின் தெளிவான நிலைப்பாடு. பாலிசியின் நகல் நிறுவனத்தின் கணினியிலேயே இருக்கிறது. கடைக்காரரின் ஜிஎஸ்டி கணக்கு அரசிடம் இருக்கிறது. வங்கிக்கு மாதந்தோறும் கொடுத்த ஸ்டாக் அறிக்கை வங்கியிடம் இருக்கிறது. சரக்கு அனுப்பிய மொத்த வியாபாரியிடம் பில் இருக்கிறது. இவற்றைக் கொண்டே சரக்கின் மதிப்பைக் கணக்கிட வேண்டும். ஸ்டாக் புத்தகம் கூழாகிப் போன கடையில் அந்தப் புத்தகத்தைக் கேட்டு மூன்று முறை கடிதம் அனுப்புவது வேலையைத் தள்ளிப்போடும் வழி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, இழந்த சான்றிதழ்களைக் கட்டணமின்றித் தரத் தமிழ்நாடு அரசு முகாம் நடத்தியது. அதே போன்ற முகாம் தண்ணீர் வடிந்த பத்து நாளில் கடலூரிலும் சிதம்பரத்திலும் நடக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களும் அங்கே மேசை போட்டு உட்கார வேண்டும்.

5. மறுக்கப்படாத தொகையில் பாதியை உடனே தாருங்கள்

சர்வேயர் 4 லட்சம் என்கிறார், உரிமையாளர் 6 லட்சம் என்கிறார். மிச்ச 2 லட்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் யாரும் மறுக்காத 4 லட்சமும் பெட்டியிலேயே கிடக்கிறது. முதல் ஆய்வு முடிந்த 7 நாளுக்குள் மறுக்கப்படாத தொகையில் பாதியையாவது முன்தொகையாக வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலமும் தீபாவளி முதல் பொங்கல் வரையிலான வியாபாரக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. டிசம்பரில் சரக்கு நனைந்த ஜவுளிக்கடைக்கு மார்ச்சில் வரும் பணம் கடனை அடைக்குமே தவிர, கடையைத் திறக்க உதவாது. முன்தொகை கிடைத்தால் பொங்கலுக்குள் கடை திறக்கும், அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் சம்பளம் போகும்.

6. காரணத்தைத் தமிழில் எழுதித் தாருங்கள், வெற்றுக் கையெழுத்து வாங்காதீர்கள்

தொகையைக் குறைத்தாலும் கிளெய்மை நிராகரித்தாலும், பாலிசியின் எந்த விதிப்படி, எந்தக் கணக்கின்படி என்பதைத் தமிழில் எழுதித் தர வேண்டும். தேய்மானம் எவ்வளவு கழித்தார்கள், மிஞ்சிய பொருளுக்கு என்ன மதிப்புப் போட்டார்கள் என்ற விவரத்தோடு சர்வேயர் அறிக்கையின் நகலும் சேர்த்துத் தரப்பட வேண்டும். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி உரிமை கோர மாட்டேன்" என்று அச்சிட்ட தாளில் கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். அப்படி வாங்கும் ஒப்புகைச் சீட்டைக் காட்டி மேற்கொண்டு உரிமை கோருவதைத் தடுக்கக் கூடாது என்று ஐஆர்டிஏஐ 2015-லேயே சொல்லிவிட்டது. வீடு இழந்து நிற்பவர் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கிறார். அந்த நிலையைப் பயன்படுத்தக் கூடாது.

7. கடனோடு சேர்த்துப் பிடித்த பிரீமியத்துக்குப் பாலிசியைக் காட்டுங்கள்

வீட்டுக் கடனோ தொழில் கடனோ கொடுக்கும்போதே வங்கி காப்பீட்டுப் பிரீமியத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் பாலிசி எந்த நிறுவனத்தில், எவ்வளவு தொகைக்கு, எதற்கெல்லாம் பொருந்தும் என்பது கடன் வாங்கியவருக்குத் தெரிவதில்லை. தனக்குக் காப்பீடு இருப்பதே தெரியாமல் கிளெய்ம் போடாமல் விட்டவர்கள் எங்கள் ஊர்களில் உண்டு. எல்லா வங்கிகளும் தங்கள் கடன்தாரர்களுக்குப் பாலிசி எண்ணையும் காப்பீட்டுத் தொகையையும் காலாவதி நாளையும் செப்டம்பர் 30-க்குள் தமிழில் தெரிவிக்க வேண்டும். பேரிடர் வந்தால் கிளெய்மைப் பதிவு செய்யும் பொறுப்பை வங்கிக் கிளையே ஏற்க வேண்டும். கிளெய்ம் முடியும்வரை மாதத் தவணையைத் தள்ளிவைக்க வேண்டும். இயற்கைப் பேரிடரில் கடனைத் திருத்தி அமைக்க ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் உள்ளபோது, கிளை மேலாளர் தனி உத்தரவுக்குக் காத்திருக்கக் கூடாது.

8. வீட்டுக் காப்பீட்டை ஊருக்குள் கொண்டுவாருங்கள், வரியை நீக்குங்கள்

2021 ஏப்ரல் முதல் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான வீட்டுக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. புயல், வெள்ளம், ஆழிப்பேரலை, நிலநடுக்கம் எல்லாம் இதில் அடங்கும். கட்டடத்துக்குக் காப்பீடு செய்தால் அதன் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்வரை, வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே பாதுகாப்பு உண்டு. சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் இதே போலப் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா இருக்கிறது. இவ்வளவு நல்ல திட்டங்களின் பெயரைக்கூட எங்கள் தெருக்களில் பலர் கேட்டதில்லை. நான்கு அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஜூலை முதல் செப்டம்பர்வரை ஊராட்சிதோறும் முகாம் நடத்தி, தமிழில் அச்சிட்ட பாலிசியோடு இவற்றை வழங்க வேண்டும். தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி நீக்கப்பட்டது. வீட்டுக் காப்பீட்டுக்கோ 18 சதவீதம் தொடர்கிறது. புயல் கரையில் வாழ்பவர் தன் கூரையைக் காத்துக்கொள்வதற்கு வரி கட்டக் கூடாது. அடுத்த ஜிஎஸ்டி மன்றக் கூட்டத்திலேயே தமிழ்நாடு அரசு இதை எழுப்ப வேண்டும்.

9. வாகனக் கிளெய்மில் எஞ்சின் தகராறு வேண்டாம்

வெள்ளத்தில் நின்ற காரையும் இருசக்கர வண்டியையும் பதற்றத்தில் ஸ்டார்ட் செய்துவிட்டால், எஞ்சின் சேதம் உங்கள் தவறு என்று கிளெய்மைக் குறைத்துவிடுகிறார்கள். இந்தச் சேதத்துக்குத் தனி எஞ்சின் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரியவருகிறது. கடலூர் மாவட்டத்துக்கு வெள்ள எச்சரிக்கை வந்த உடனே, "தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், இழுத்துச் செல்லும் வண்டிக்கு இந்த எண்ணை அழையுங்கள்" என்று பாலிசிதாரர் ஒவ்வொருவருக்கும் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். பாலிசி விற்கும்போதே எஞ்சின் பாதுகாப்பைப் பற்றி எடுத்துச் சொல்லி, வேண்டும் அல்லது வேண்டாம் என்று ஒப்பம் பெற வேண்டும். எச்சரிக்கை அனுப்பாத நிறுவனத்துக்கு எஞ்சின் சேதத்தை மறுக்கும் உரிமை இருக்கக் கூடாது.

10. மூழ்கிய சம்பாவுக்கு அந்த வயலைப் பார்த்தே இழப்பீடு

2020 டிசம்பரில் புரெவி மழையில் சிதம்பரம் நடராசர் கோயில் பிரகாரத்திலேயே தண்ணீர் நின்றது. அதைச் சுற்றியுள்ள குமராட்சி, புவனகிரி, காட்டுமன்னார்கோவில் வயல்களின் கதையைச் சொல்லவே வேண்டாம். பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு கிராமத்தின் சராசரி மகசூலை வைத்து முடிவாகிறது. வடிகால் ஓரத்தில் பத்து நாள் மூழ்கி அழுகிய வயலும், மேட்டில் தப்பிய வயலும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. நெல் மூழ்குவதைத் தனி வயல் இழப்பாகக் கருதும் விதி 2018-ல் நீக்கப்பட்டதால் இந்த அநீதி நடந்தது. 2026 காரீஃப் முதல் அதைத் திரும்பச் சேர்ப்பதாக ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. எந்தப் பருவக் கணக்கில் வந்தாலும் எங்கள் சம்பாவுக்கும் தாளடிக்கும் இது பொருந்தும் என்று தமிழ்நாடு அரசு தன் அறிவிக்கையில் தெளிவாக எழுத வேண்டும். 72 மணி நேரத்தில் செயலியில் படத்தோடு பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. மின்சாரமும் கைப்பேசிச் சிக்னலும் இல்லாத 72 மணி நேரத்தில் அது நடக்காது. ஆகவே வேளாண் உதவி அலுவலரிடமும் கூட்டுறவுச் சங்கத்திலும் எழுதிக் கொடுத்தாலே பதிவாகக் கொள்ள வேண்டும். தாமதமான இழப்பீட்டுக்குத் திட்டத்திலேயே உள்ள 12 சதவீத வட்டியை, கேட்காமலே சேர்த்துத் தர வேண்டும்.

11. அரசு கட்டிக்கொடுக்கும் வீடுகளுக்கு அரசே காப்பீடு செய்யட்டும்

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தந்து, 2030-க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. நல்ல திட்டம். அந்த வீடு புயலில் சேதமானால் அந்தக் குடும்பம் மறுபடி கூரைக்கு அலையக் கூடாது. இத்திட்டத்தில் கட்டிய வீடுகளையும், ஆழிப்பேரலைக்குப் பின் கட்டிய மீனவர் குடியிருப்புகளையும் ஒரே குழுக் காப்பீட்டில் சேர்த்து, பிரீமியத்தை அரசு கட்ட வேண்டும். இத்தனை சென்டிமீட்டர் மழை, இத்தனை கிலோமீட்டர் வேகக் காற்று என்ற அளவைத் தாண்டினாலே, ஆய்வுக்குக் காத்திராமல் தொகை வரும் காப்பீட்டு முறையும் உண்டு. கரீபியன் தீவு நாடுகள் 2007-ல் தொடங்கிய கூட்டுக் காப்பீடு 14 நாளுக்குள் பணம் தருகிறது. நாகாலாந்து மாநில அரசு இந்த முறையில் பேரிடர்க் காப்பீடு எடுத்திருக்கிறது. மலை மாநிலத்தால் முடிந்தது கடலோர மாநிலத்தாலும் முடியும். கடலூர் மாவட்டத்திலேயே முதலில் தொடங்கலாம், வரும் நிதிநிலை அறிக்கையில் அதற்குப் பணம் ஒதுக்குங்கள்.

12. குறைதீர்ப்பாளர் கடலூருக்கு வரட்டும், கணக்கு வெளியே வரட்டும்

நிறுவனம் சரியாகப் பதில் தராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 50 லட்சம் ரூபாய்வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு. அவருடைய உத்தரவை 30 நாளில் நிறைவேற்றாத நிறுவனம் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் முறையிட்டவருக்குத் தர வேண்டும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. நாணமேட்டிலிருந்து கூலிவேலையை விட்டுவிட்டு ஒருவர் அங்கே போய்வருவது எளிதன்று. பேரிடருக்குப் பின் மூன்று மாதத்துக்குள் கடலூரிலும் சிதம்பரத்திலும் அவர் நேரடி விசாரணை முகாம் நடத்த வேண்டும். ஐஆர்டிஏஐயின் 155255 உதவி எண்ணும் பீமா பரோசா இணையதளமும் ரேஷன் கடை வாசலில் தமிழில் எழுதப்பட வேண்டும். எந்த நிறுவனத்துக்கு எத்தனை கிளெய்ம் வந்தது, எத்தனை தீர்ந்தது, எத்தனை நிராகரிக்கப்பட்டது, எத்தனை நிலுவையில் இருக்கிறது என்ற பட்டியலை ஆட்சியர் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் வாரந்தோறும் வெளியிட வேண்டும். நிலுவை எல்லோர் கண்ணிலும் பட்டால்தான் கோப்பு நகரும்.

இந்தப் பன்னிரண்டில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. சர்வேயர் பட்டியல், வங்கிகள் தர வேண்டிய பாலிசி விவரம், தமிழில் குறுஞ்செய்தி, ஊராட்சி முகாம்கள் ஆகியவை செப்டம்பர் 30-க்குள் முடியக்கூடியவை. ஆட்சியரின் சேதப் பட்டியல், படத்தை ஏற்றல், முன்தொகை ஆகியவை பேரிடர் வந்த முதல் இரண்டு வாரத்தில் முடிய வேண்டியவை. வரி நீக்கமும் குழுக் காப்பீடும் வரும் நிதியாண்டுக்குள் முடிவாக வேண்டியவை.

எங்கள் பங்கை நாங்களும் செய்கிறோம். தெருத்தெருவாகப் பாலிசி எண்களைத் தொகுப்போம். மழைக்கு முன்பே வீட்டையும் கடையையும் சரக்கையும் படம் எடுத்து வைப்போம். கிளெய்ம் போடத் தெரியாதவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்போம். கெடு தாண்டிய ஒவ்வொரு கிளெய்மையும் குறைதீர்ப்பாளரிடமும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திடமும் கொண்டுசெல்வோம்.

இந்தச் சாசனம் கைக்கு வந்த 30 நாளுக்குள், ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே யார் செய்வார், எந்தத் தேதிக்குள் செய்வார் என்று எழுதி அனுப்புங்கள். அந்தப் பதிலை நாங்கள் எல்லா ஊராட்சி அறிவிப்புப் பலகைகளிலும் ஒட்டுவோம். பதில் வராத கோரிக்கைக்கு எதிரே, பதில் தர வேண்டிய அலுவலகத்தின் பெயர் இருக்கும்.

இப்படிக்கு,
செம்மண்டலம், கடலூர், சிதம்பரம் வட்டாரக் குடியிருப்பாளர்கள், வணிகர்கள், விவசாயிகள், மீனவர்கள்